புல்லுக்குள் நீந்தும் பொய் மீன்

குளுவாங் பட்டணத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்து பாருங்கள். சுவர் நிறைய பிளாஸ்டிக் பைகள் தொங்கும். அவற்றில் ஒன்றை எடுத்துப் பிரித்தால், புளியங்கொட்டை அளவில் கூர்மூக்கு வைத்த ஓர் ஈயத் தலை. அதற்கு வண்ணம் பூசிக் கண்ணும் எழுதியிருப்பார்கள். கழுத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதைப் போல நூல் நூலாக ஒரு தொங்கல். அதற்குள் ஒளிந்துகொண்டு, முனை மேலே பார்த்தபடி ஒரு பெரிய முள். முள்ளின் முனையை மறைத்துத் துடைப்பக் குச்சிகள் போல ஒரு சிறு கற்றை. ஸ்விம் ஜிக் என்பது இதற்குப் பெயர். நீச்சல் ஜிக் என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

நம் ரெங்கம் வட்டாரத் தோட்டத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் சைக்கிளில் ஜோரானைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்களே, அவர்கள் சட்டைப்பையில் இது இருக்கும். 'புழு இல்லை, தவளை இல்லை, இந்தப் பொம்மையைப் பார்த்தா மீன் ஏமாறும்?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். தாஜூர் போட்டு, தவளைக் குட்டியைக் குத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பால்வெட்டுக்குப் போகிற வழியில் எடுத்துப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் இந்தப் பொம்மைக்கு ஒரு கதையும் ஒரு கணக்கும் உண்டு, வாசகர்களே.

இது அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனுக்காகப் பிறந்தது. பாஸ் என்றவுடன் நம்மவர்களுக்குக் குழப்பம் வரும். சந்தையில் கொடுவா மீனை, அதாவது சியாக்காப்பை, 'சீ பாஸ்' என்கிறார்கள். பழைய ஈய லம்பக் குட்டைகளில் மஞ்சள் உடம்பும் வாலில் கண்போன்ற புள்ளியுமாகத் திரிகிறதே, அதை 'பீக்காக் பாஸ்' என்கிறார்கள். அது தென் அமெரிக்காவின் அமேசான் பக்கத்திலிருந்து வந்த மீன், திலாப்பியாவுக்குத்தான் உறவு. அமெரிக்காவின் அசல் 'பெரிய வாய் பாஸ்' வேறொரு குடும்பம். பெயர் ஒன்று, குலம் மூன்று!

அந்தப் பெரிய வாய் பாஸ், புல்லும் பாசியும் மண்டிய ஓரத்தில் பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும். சாதாரண முள்ளை அங்கே எறிந்தால் மீன் வராது, ஒரு கட்டுப் பாசிதான் வரும். அதற்கு முன்பு இருந்த ஜிக்குகளைத் தரையில் விட்டுத் தத்தித் தத்தி இழுக்க வேண்டும். மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில், விஸ்கான்சின் மாநிலத்து லா குரோஸ் பக்கத்தில், ஆறு ஆழமில்லாமல் பல கிளையாகப் பிரிந்து புல்வெளி போலப் பரந்து கிடக்கும். அங்குள்ளவர்கள் ஜிக்கைத் தரையில் விடாமல், சிறு மீன் நீந்துவதைப் போல நடுநீரிலேயே நிதானமாகச் சுற்றி இழுத்துப் பார்த்தார்கள். டாம் மொன்சூர் என்ற போட்டிக்காரரின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இழுக்கிற விதத்துக்கு ஏற்றபடி தலையின் அமைப்பும் மாறிற்று.

அந்த மாற்றந்தான் கவனிக்க வேண்டியது. தங்கூசியைக் கட்டுகிற வளையம், பழைய ஜிக்கில் தலையின் உச்சியில் நிற்கும். வருகிற வழியில் உள்ள புல்லையெல்லாம் கொக்கி போட்டு இழுக்கும். நீச்சல் ஜிக்கில் அந்த வளையம் மூக்கின் நுனிக்கே வந்துவிட்டது. மூக்கும் தோட்டாவைப் போலக் கூர்மை. ஆகவே புல் மூக்கில் பட்டுப் பிரிந்து இரு பக்கமும் வழுக்கிப் போகிறது. முனையை மறைக்கும் நைலான் கற்றை, மெல்லிய புல் மோதினால் தாங்கும். மீனின் தாடை அழுத்தினால் வளைந்து முள்ளுக்கு வழிவிடும். இதுதான் சூட்சுமம். மற்றதெல்லாம் அலங்காரம்.

அலங்காரம் என்று சொன்னாலும் அந்தப் பாவாடையைப் பற்றி நாம் பேசாமல் இருக்க முடியாது. ஏனென்றால் அது நம் சரக்கு! இன்று சிலிக்கோனில் செய்கிறார்கள். அதற்கு முன்னே மான் மயிரும் கட்டினார்கள், ரப்பர் நூலும் கட்டினார்கள். அசல் கித்தாப் பாலிலிருந்து வந்த ரப்பர் நூல். தண்ணீரில் உயிருள்ளது போல நெளியும் என்று இன்றும் சிலர் அதையே விரும்புகிறார்கள். பிறகு ஏன் சிலிக்கோன் வந்தது? ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதை ஸ்டோர் பக்கம் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இழுக்கும்போது இந்தப் பாவாடை உடம்போடு ஒட்டிக் குவியும். ஒரு கணம் நிறுத்தினால் குடை விரிவது போல விரியும். முள்ளின் பின்பகுதியில் வால் துடிக்கும் ரப்பர் மீன் ஒன்றையும் மாட்டுவார்கள். இரண்டும் சேர்ந்து, கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தடுமாறும் ஒரு குஞ்சு மீனைப் போல் தோன்றும்.

சரி, நம் ஊரில் பாஸ் எங்கே இருக்கிறது? பெரிய வாய் பாஸ் நம் ஆறுகளுக்கு உரியதன்று. வேண்டியதுமில்லை. அதே குணமுள்ள மீன் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதுதான் விரால், மலாய்க்காரர் சொல்லும் ஹருவான். பெரிய நீர்நிலைகளில் அதன் பெரியண்ணன் தோமான். ஒரு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது.

ரெங்கத்தைச் சுற்றிப் பாருங்கள். கித்தாக் காடெல்லாம் செம்பனையாக மாறியது. செம்பனை வந்தவுடன் தீம்பாருக்குத் தீம்பார் பாரிட் வெட்டினார்கள். அந்தப் பாரிட்டுகளில் கியாம்பாங்கும் கங்கோங்கும் ஆகாயத் தாமரையும் மூடிக் கிடக்கின்றன. மிசிசிப்பிக்காரன் பட்ட அதே தொல்லை நமக்கும். விரால் அந்தப் பச்சைக்கடியில்தான் குடியிருக்கும். ஆகவே அமெரிக்காவில் பாஸுக்குச் செய்த பொம்மை நம் பாரிட்டில் விராலுக்கு ஒத்துப்போனதில் வியப்பில்லை.

இனி எறியும் முறை. பாரிட்டுக்கு கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம் ஜிக் போதும். அரை அவுன்ஸ், 14 கிராம், ஆழமான ஏரிக்கு. தலை கனத்தால் வேகமாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் விரால் பின்தங்கிவிடும். விரால் காற்றைக் குடிக்கும் மீன் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. செவுளோடு, தலைக்குள் காற்றைச் சேர்த்துவைக்க ஓர் அறையும் அதற்கு உண்டு. அதனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து 'பொளக்' என்று ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். சேறு கலங்கி மற்ற மீன் செத்து மிதக்கிற தண்ணீரிலும் அது பிழைப்பது இதனால்தான்.

அந்தக் குமிழ் தெரிந்த இடத்தின் மேலேயே எறியாதீர்கள். மிரண்டு ஓடும். இரண்டு கஜம் தாண்டி எறிந்து, ஜோரான் நுனியை உயர்த்திப் பிடித்து, புல்லுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில் வரும்படி சீராகச் சுற்றுங்கள். குமிழ் கண்ட இடத்துக்கு வரும்போது ஒரு சிறு வெட்டு, ஒரு கணம் நிறுத்தம். குடை விரியும். அடிக்கிறதானால் அங்கேதான் அடிக்கும்.

அடித்தவுடன் வெடுக்கென்று இழுப்பவர்கள்தான் அதிகம். விரால் முதலில் வாலைத்தான் கவ்வும். தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருங்கள். நூலில் கனம் ஏறியது கைக்குத் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள். அதன் வாய் முழுக்க எலும்பு; மென்மையாக இழுத்தால் முள் ஏறாது. கடையில் வாங்கிய ஜிக்கில் நைலான் கற்றை மிகவும் தடிப்பாக இருந்தால் பாதியை வெட்டிவிடலாம். பாஸை விட விராலின் வாய் சிறியது. பின்னால் மாட்டும் ரப்பர் மீனையும் முன்பக்கம் அரை அங்குலம் நறுக்கிவிட்டு மாட்டினால் வாலைக் கடித்துவிட்டுப் போகிற கதை குறையும். தோமான் உள்ள இடமானால் நுனியில் தடித்த நரம்பு சேர்க்காமல் எறியாதீர்கள். அதன் பல் கத்தரிக்கோல்.

கடையில் ஒன்று வாங்குகிற காசுக்கு வீட்டில் அரிசி வாங்கலாமே என்கிற தாய்மார்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. புல்லில் மாட்டி அறுந்தால் போனது போனதுதான். ஆகவே பையன்கள் தாங்களே செய்யப் பார்க்கிறார்கள். கையால் ஒன்றைச் செய்கிற பிள்ளையை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். ஆனால் பெற்றோர்களே, இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்: வீட்டில் ஈயம் உருக்க விடாதீர்கள்.

ஈயம் 327 பாகையில் உருகிவிடும். சாதாரண கேஸ் அடுப்பே போதும். அதுதான் ஆபத்து. பழைய கார் பேட்டரியை உடைத்து, சக்கரத்தில் அடிக்கிற ஈயக் கட்டியைப் பொறுக்கி, மில்க்மேய்ட் டப்பாவில் போட்டு, சமையற்கட்டிலேயே உருக்குகிறார்கள். பேட்டரித் தகட்டில் ஈயத்தோடு அமிலமும் ஈயத்தூளும் இருக்கின்றன. புகையும் தூளும் அம்மி மேல், பாத்திரத்தின் மேல், தவழும் குழந்தையின் கையில் படிகின்றன. குழந்தையின் உடம்பில் இவ்வளவு ஈயம் சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். வாய்ப்பாடு ஏறவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்வோம். காரணம் அடுப்படியில் இருக்கலாம். நனைந்த அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றினால் வெடித்து முகத்தில் தெறிக்கும் என்பது தனி.

தண்ணீருக்கும் ஈயம் ஆகாது. இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் சிந்திய ஈயக் குண்டுகளை இரையோடு விழுங்கி அன்னப் பறவைகள் செத்ததால், 1987-ஆம் ஆண்டில் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடுத்தார்கள். அதன்பின் அன்னங்களின் தொகை மீண்டும் பெருகியது. நம் மாச்சாப், செம்புரோங் அணைகளிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஈயமில்லாமல் செய்ய வழி இருக்கிறது. நீண்ட கழுத்துள்ள முள்ளில் ஓர் இரும்பு நட்டைக் கோத்து, வளையத்தின் ஓரம் வரை தள்ளி, நூல் சுற்றி இறுக்குங்கள். இரண்டு டியூப்பில் வரும் பிசினைக் குழைத்து அதன் மேல் பூசி, ஈர விரலால் மூக்கைக் கூராக்குங்கள். நட்டின் மூலை வெளியே தெரிந்தால் புல் பிடிக்கும். இரும்பு ஈயத்தை விட எடை குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11 கிராமுக்கு மேல், இரும்பு 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே தலை கொஞ்சம் பருமனாகும். பாரிட்டுக்கு அது நல்லதே, மெதுவாக அமிழும். கடையில் டங்ஸ்டன் என்று விற்பது ஈயத்தை விடக் கனம், விலையும் கனம். நைலான் கற்றைக்குப் பழைய துணி துவைக்கும் பிரஷின் முடி. பாவாடைக்கு, பாத்திரம் கழுவிக் கிழிந்துபோன ரப்பர் கையுறையின் விரல்களை நூலிழை போலக் கத்தரித்துக் கட்டுங்கள். மலேசியா உலகத்துக்கே கையுறை செய்து கொடுக்கிற நாடு. ஒன்று கிழிந்தாலும் வீணாக வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிப் பாடம் நடத்தியவனாவேன்.

சில வேளைகளில் நீர்ப்பரப்பில் ஓர் இடம் மட்டும் மழை தூறுவது போலச் சலசலக்கும். உற்றுப் பார்த்தால் செந்நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே பந்தாக மேலும் கீழும் போய்வரும். விராலின் குஞ்சுகளோ தோமானின் குஞ்சுகளோ அவை. தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். முட்டையிடுவதற்கு முன்னாலேயே புல்லை விலக்கி இடம் செய்து, மிதக்கும் முட்டையைக் காத்து, பொரித்த பின்னும் வாரக் கணக்கில் கூடவே திரிகின்ற மீன்கள் இவை. அந்த நேரத்தில் குஞ்சுகளுக்கு நடுவே எது விழுந்தாலும் பாய்ந்து அடிக்கும். பசியால் அல்ல, காவலால்.

இது தூண்டில்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். குஞ்சுப் பந்தைத் தேடிப் போய் அதன் நடுவிலே ஜிக்கை எறிவதே பலருக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டு மூன்று எறியில் பெரிய மீன் கைக்கு வரும். பிடித்ததும் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். தாயையும் தகப்பனையும் எடுத்த பிறகு குஞ்சுகளின் கதி என்ன? அதுவரை அஞ்சி ஒதுங்கியிருந்த கெண்டையும் மற்றதும் வந்து விருந்துண்ணும். அடுத்த வருடம் அதே பாரிட்டில் எறிந்துவிட்டு 'இப்போதெல்லாம் விராலே இல்லை' என்று குறைப்படுவார்கள்.

குஞ்சோடு இருக்கும் மீனை விட்டுவிடுங்கள் என்றால், 'சார், நான் எடுக்காவிட்டால் அடுத்தவன் எடுப்பான்' என்று பதில் வருகிறது. இந்தப் பதிலுக்கு எதிர்வாதம் செய்வது எளிதல்ல; உண்மையும் அதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஆண் பாஸ் கூட்டைக் காக்கும். சில வட மாநிலங்களில் முட்டையிடும் பருவத்தில் பாஸைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போகச் சட்டம் இடம் தருவதில்லை. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடி வைப்பதையும், விஷம் கலப்பதையும், மின்சாரம் பாய்ச்சுவதையும் தடுக்கிறது. ஒரு பாரிட்டில் ஒரு விராலின் குடும்பத்தைக் காக்க எந்தச் சட்டமும் வந்து நிற்காது. அங்கே மீன் பிடிக்கிற நாலைந்து பேர் பேசிக்கொள்ள வேண்டியதுதான். கோயில் திருவிழாவுக்கு யார் எந்த வேலை என்று பேசித் தீர்க்கிறவர்கள் இதையும் பேச முடியும் என்றே நான் நினைக்கிறேன்.

காவல் காக்கும் இதே குணம் அந்நிய மண்ணில் என்ன செய்தது என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் குரோஃப்டன் என்ற ஊர்க் குட்டையில், 2002-ஆம் ஆண்டு விரால் வகை மீன் ஒன்று அகப்பட்டது. சீனத்து விரால், நம்முடையதற்குப் பங்காளி. விசாரித்ததில், உடல்நலமில்லாத சகோதரிக்குச் சூப்பு வைக்க ஒருவர் உயிரோடு இரண்டு மீன் வரவழைத்திருக்கிறார். மீன் வந்து சேர்வதற்குள் சகோதரிக்குக் குணமாகிவிட்டது. தொட்டியில் வளர்த்துப் பார்த்து, பிறகு கொண்டுபோய்க் குட்டையில் விட்டுவிட்டார். பிள்ளை பெற்றவளுக்கும் அறுவை செய்துகொண்டவருக்கும் புண் ஆற விரால் சூப்பு கொடுக்கிற நமக்கு அந்த மனிதரின் எண்ணம் புரிகிறது. ஆனால் குட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள்! அரசாங்கம் ரோட்டினோன் என்னும் விஷத்தை ஊற்றி அத்தனையையும் அழித்தது. அந்த ரோட்டினோன் எதில் இருக்கிறது தெரியுமா? நம் பக்கத்துக் காடுகளில் ஆற்றில் மீன் மயங்க அடித்துப் பிழிவார்களே, அந்தத் தூபா வேரில். போருக்கு முன்னே மலாயா அந்த வேரைப் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்தது. இருந்தும் 2004-ஆம் ஆண்டில் பொட்டோமேக் ஆற்றில் அந்த மீன் தோன்றி, இன்று அங்கே நிலைத்துவிட்டது. பாஸுக்கு எறிகிற பொய் இரைகளிலேயே அதையும் பிடிக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

பாஸின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். 1925-ஆம் ஆண்டில் அதை ஜப்பானின் அஷி ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். பரவிப் பெருகி உள்ளூர் மீனைத் தின்றது. பிவா ஏரி உள்ள ஷிகா மாநிலத்தில், பிடித்த பாஸை மீண்டும் தண்ணீரில் விடக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டு முதல் விதி. ஆனால் உலகத்தின் மிகப்பெரிய பாஸ் கிடைத்ததும் அதே ஏரியில்தான், 2009-ஆம் ஆண்டில். பத்து கிலோவுக்குச் சற்று மேல். 1932-ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்பவர் பிடித்த மீனை விட ஓர் அவுன்ஸ் அளவே கூடுதலாதலால் இரண்டும் சமம் என்றே பதிந்தார்கள். ஆகவே தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனை, அது எந்த மீனாக இருந்தாலும், நம் பாரிட்டில் கொண்டு போய் விடுகிற தயாள குணம் வேண்டாம்.

எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னும், மாலை நாலரைக்கு மேலும். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, தண்ணீர் தெளியத் தொடங்கும்போது மிகவும் நல்லது. ஆண்டுக் கடைசியில் பெருமழை வந்து பாரிட் வழிந்தால் போகாதீர்கள். கரை எது பள்ளம் எது என்று தெரியாது. தீம்பாரில் மருந்து அடித்திருந்தால் அந்த வாரம் அந்தப் பாரிட்டில் பிடித்த மீன் வீட்டுக்கு வர வேண்டாம். பாராகுவாட்டை 2020-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள் என்பது உண்மை. அதற்காக இப்போது அடிப்பதெல்லாம் பன்னீர் என்று அர்த்தமில்லை. மருந்து அடிக்கிற அக்காமாரைக் கேட்டால் எந்தத் தீம்பார் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

போகும்போது ஒரு குறடு எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளின் நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளை முன்கூட்டியே நசுக்கிவிட்டால், குஞ்சுக்காரி தவறிப்போய் மாட்டினாலும் வாயைக் கிழிக்காமல் கழற்றலாம். உங்கள் விரலில் ஏறினாலும் அப்படியே.